ஆள் இல்லாத பந்தி

எங்கள் பக்கம் ஆடி பிறந்தால் கல்யாணம் நிற்கும், விருந்து நிற்காது. ஆலங்குடிக்குக் கிழக்கே போனால் ஆடியும் ஆவணியும் மொய் விருந்துக் காலம். காதுகுத்து இல்லை, சடங்கு இல்லை, சும்மா ஒரு விருந்து. பந்தல் போட்டு, ஆடு அடித்து, ஊரையே கூப்பிட்டுக் கறிச்சோறு போடுவார்கள். சாப்பிட்டு எழுந்தவர்கள் கை ஈரம் காயுமுன்னே மேசைக்குப் போய் மொய் எழுதுவார்கள். இன்று நீ எனக்கு எழுதினால், உன் முறை வரும்போது நான் கொஞ்சம் கூட்டி எழுதவேண்டும். சில வருடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் முறை சுற்றி வரும். வந்த பணத்தில் போர் போடுவார்கள், வீடு கட்டுவார்கள், பிள்ளையை இன்ஜினியரிங் சேர்ப்பார்கள். பாங்க் மேனேஜர் முன்னால் கைகட்டி நிற்காமல் நடக்கிற காரியம் என்று எங்கள் ஊர் ஆண்களுக்கு இதில் ஏகப் பெருமை. வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு வழக்கெல்லாம் தெரியாது. ஆடியில் கறி, ஆவணியில் கறி, புரட்டாசியில் வயிற்றுவலி. எங்களுக்கு வருடம் அப்படித்தான் ஓடியது.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம் கார்த்திகையில் புயல் அடித்தது. அப்பா அப்போது சவுதியில் இருந்தார். நானும் அம்மாவும் ஒரு வீடு. அதே வாசலுக்கு எதிர்ப்பக்கம் சித்தப்பா வீடு. அங்கே சித்தப்பா, சித்தி, தவழ்கிற வயதில் ஒரு தம்பி. ஊருக்கு மேற்கே சித்தப்பாவுக்குத் தென்னந்தோப்பு இருந்தது. புயல் ஓய்ந்த காலையில் அவர் பின்னாலேயே நானும் போய்ப் பார்த்தேன். மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தன. வேர்கள் மண்ணை அள்ளிக்கொண்டு மேலே எழுந்து நின்றன. அந்தத் தோப்புக்குள்ளிருந்து அவ்வளவு வானத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அழகாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

தென்னை வைத்தால் காய்க்க வருடக்கணக்கில் ஆகும். போருக்கும் மோட்டாருக்கும் வாங்கிய கடன் அதுவரை காத்திருக்காது. சாய்ந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தக்கூடக் காசு வேண்டும் என்பது எனக்கு விசித்திரமாக இருந்தது. செத்த மரத்துக்குமா செலவு? அதனால் அவை விழுந்த இடத்திலேயே கிடந்தன. முன்பெல்லாம் சித்தப்பாவுக்கு வாய் ஓயாது. என்னைச் 'சவுதி மகராணி' என்றுதான் கூப்பிடுவார். புயலுக்குப் பிறகு எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். வாசலில் பைக் சத்தம் கேட்டால் கொல்லை வழியாகப் போய்விடுவார். சித்தி அவர் இல்லை என்று சொல்வார். நானும் கூடச் சேர்ந்து இல்லை என்பேன், கேட்காமலேயே.

தை மாதம் வடக்குத் தெரு மாமா ஒருவர் அவருடைய தோப்பில் இறந்துபோனார். சித்தப்பாவின் தோப்புக்கு அடுத்த தோப்பு. அவர் மகள் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். என்ன ஆயிற்று என்று நான் கேட்டபோது, வாசலில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு ஒரு அத்தை, "முனி அடிச்சிருச்சுத்தா. உச்சி நேரத்துல தோப்புல தனியா இருந்தாருல்ல" என்றார். மற்றவர்கள் அவசரம் அவசரமாக ஆமாம் போட்டார்கள். பிள்ளைகளிடம் சொல்ல முடியாத காரியம் எது நடந்தாலும் எங்கள் ஊரில் பழியை முனிதான் ஏற்றுக்கொள்ளவேண்டும். அவரும் பாவம், எவ்வளவைத்தான் சுமப்பார்.

ஆனால் நான் அதை அப்படியே நம்பினேன். வடக்குத் தெரு முனையில் அந்த மாமாவின் படம் போட்டு ஆள் உயரத்துக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். வெள்ளைச் சட்டையில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். காற்றடித்தால் பேனர் உப்பி, மூச்சு வாங்குகிற மாதிரி உள்ளே ஒடுங்கும். அதைக் கண்டு நான் சுற்றுவழியில் போவேன். அவர் மகள் மட்டும் தினமும் அதற்குக் கீழேதான் நடந்து வருவாள். பள்ளிக்கூடத்தில் மதியச் சத்துணவு வாங்கினால் பாதியை அப்படியே தட்டின் ஒரு ஓரமாக ஒதுக்கி வைப்பாள். அப்பாவுக்கு என்பாள். டீச்சர் எவ்வளவு சொன்னாலும் அந்தப் பாதியைத் தொட மாட்டாள்.

ஆடி வந்தது. அந்த வருடம் சித்தப்பாவின் முறை. அவரோடு கூட்டாக விருந்து வைக்க வேண்டிய இரண்டு பேரும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுங்கிவிட்டார்கள். அம்மாவும் தள்ளிப்போடச் சொன்னார். சித்தப்பா கேட்கவில்லை.

"மொறைய விட்டா ஊருல என்ன பேசுவாய்ங்கன்னு தெரியும்ல அண்ணி. நான் எத்தன வருசமா எல்லாருக்கும் எழுதிருக்கேன். வருவாக" என்றார்.

நான்கு நாளில் பந்தல் எழுந்தது. வாசலில் பேனர் கட்டினார்கள். சித்தப்பா வெள்ளைச் சட்டையில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் பேனர் அடிக்கிற கடை ஒன்றுதான். அந்தக் கடைக்காரருக்கு நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே பூ வளையம், ஒரே நீலப் பின்னணி. எழுத்தை மட்டும் மாற்றுவார். எனக்கு அப்போது வேகமாக எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. பேனரைப் பார்த்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சித்தப்பா செத்துப்போயிட்டாரா என்று கேட்டேன். முதுகில் ஓங்கி ஒன்று விழுந்தது. அம்மா என்னை அடிப்பது அபூர்வம். அடித்துவிட்டு அவரே பேனரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்.

விருந்தன்று காலையில் எல்லாம் முறைப்படிதான் நடந்தது. ஸ்பீக்கரில் பாட்டு. அண்டா அண்டாவாகச் சோறு. கறிக்குழம்பின் வாசம் மெயின் ரோடு வரைக்கும் போயிருக்கும். மொய் எழுதுகிறவர் மேசை போட்டுப் பேனாவை உதறிப் பார்த்துக்கொண்டார். சித்தப்பா புது வேட்டி கட்டி, தன்னுடைய பேனருக்குக் கீழே, அதேபோலக் கைகூப்பி நின்றார். சித்தியின் அண்ணன்மார் வந்தார்கள், சாப்பிட்டார்கள், எழுதினார்கள், திருச்சியில் அவசர வேலை என்று பஸ் ஏறிவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

வெயில் ஏறியது. சித்தப்பா கூப்பிய கையை இறக்கவே இல்லை. ரோட்டில் யாராவது போனால், "வாங்க, வாங்க" என்று இரண்டு அடி முன்னால் போவார். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்கள். பந்தலுக்குள் வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், மேசைகளில் வெள்ளைத்தாள். பாட்டுக்காரப் பையன் ஏன் என்று தெரியாமல் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் நிறுத்திவிட்டான்.

யாராவது வருகிறார்களா பார்த்துவிட்டு வா என்று சித்தி என்னை அனுப்பினார். நான் தெருக்கோடிவரை போனேன். அந்த நேரத்துக்கு எங்கள் தெரு ஒருபோதும் அப்படி இருந்ததில்லை. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. எல்லா வாசலிலும் செருப்புகள் கிடந்தன. ஆட்கள் உள்ளேதான் இருக்கிறார்கள், ஆனால் ஒரு டி.வி. சத்தம் இல்லை, ஒரு பாத்திரச் சத்தம் இல்லை. டீக்கடை வீட்டுக்குள் ஒரு பிள்ளை இருமியது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். ஒரு ஜன்னலில் கண் தெரிந்தது. நான் பார்த்ததும் மறைந்தது. ஊரில் எல்லோரும் எதற்கோ பயந்து ஒளிந்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. எதற்கு என்று எனக்கா தெரியாது? நேரமோ உச்சி. ஒரே ஓட்டமாகத் திரும்பி வந்துவிட்டேன்.

நான் வந்தபோது சித்தப்பா பந்தலுக்குள் இருந்தார்.

"எலையப் போடுங்க" என்றார்.

சமையல்காரர், "ஆளு வரட்டும்ணே" என்றார்.

"வந்துருக்காகல்ல. போடுங்க."

அவர் அதை மிகவும் சாதாரணமாகச் சொன்னார். பரிமாறுகிற பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, முதல் வரிசை முழுக்க இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். சோறு வைத்தார்கள். கறி வாளியைச் சித்தப்பாவே வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு நாற்காலிக்கும் குனிந்து, ஒவ்வொரு இலைக்கும் கறி வைத்தார். "கூச்சப்படாமச் சாப்பிடுங்க. இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தார். சில இலைகளில் இன்னொரு கரண்டி வைத்தார். சில இலைகளில் போதும் என்று யாரோ கை மறித்ததுபோலக் கரண்டியைத் திருப்பிக்கொண்டார். சோற்றிலிருந்து ஆவி எழுந்தது. அது நேராக மேலே போகாமல் ஒரு பக்கமாக வளைந்து போயிற்று, எதிரில் உட்கார்ந்து யாரோ ஊதி ஊதித் தின்கிற மாதிரி. எனக்கு அந்த நாற்காலிகளில் ஆள் இருப்பதாகவே தோன்றிவிட்டது. யாருமே சிரிக்கவில்லை. சமையல்காரர் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கடைசி இலைவரை போய்விட்டு, சித்தப்பா வாளியைக் கீழே வைத்தார். கை கழுவித் துடைத்துக்கொண்டு, பந்தலின் பின்பக்கமாக மேற்கே நடக்க ஆரம்பித்தார். அப்போதுதான் தம்பியை இடுப்பில் வைத்திருந்த சித்தி அப்படியே சரிந்து விழுந்தார். அம்மா ஓடிப்போய்ப் பிள்ளையைப் பிடித்தார். பிடித்தபடியே என்னைப் பார்த்து, "சித்தப்பா கூடப் போ. என்ன சொன்னாலும் விட்டுட்டு வராத. இந்தா வாரேன்" என்றார்.

சித்தப்பா வேகமாக நடந்தார். நான் பின்னால் ஓடினேன். செருப்புப் போட மறந்துவிட்டதால் செம்மண் காலைச் சுட்டது. அவரைப் பின்தொடர்ந்து போனதால் வடக்குத் தெரு மாமாவின் தோப்பு வேலியைக் கடந்ததுகூடத் தெரியவில்லை. சித்தப்பாவின் தோப்புக்குள் நுழைந்ததும் ஒரு சத்தமும் இல்லை. காக்கை, அணில் என்று ஒரு உயிர் இல்லை. நிழலும் இல்லை. சாய்ந்த மரங்களின் வேர்கள் மட்டும் முழங்காலை மடக்கி உட்கார்ந்த ஆட்கள்போல வரிசையாகத் தெரிந்தன.

சித்தப்பா ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்தார். அப்புறம்தான் என்னைக் கவனித்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். புயலுக்கு முன்னால் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

"சவுதி மகராணி எதுக்கு வந்தீக?"

"அம்மா போகச் சொன்னாங்க."

பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். கணக்கு வருகிறதா என்று கேட்டார். இத்தனை மாதமாக என் முகத்தையே பார்க்காதவர் அவ்வளவு பிரியமாகப் பேசியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு கையிலிருந்த வாட்சைக் கழற்றினார். அது அப்பா சவுதியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. குளிக்கும்போதுகூட அவர் அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. என் கையில் மாட்டிவிட்டார். அது முழங்கைவரை ஏறிப்போய் நின்றது.

"நீ வச்சுக்கத்தா."

"நெசமாவா? எப்ப திருப்பிக் குடுக்கணும்?"

"குடுக்க வேணாம். நீயே வச்சுக்க. தம்பிப்பயலப் பாத்துக்க."

சரி என்றேன். உலகத்தில் என்னைவிடப் பெரிய மனுஷி அப்போது யாரும் இல்லை. பழைய சித்தப்பா திரும்பி வந்துவிட்டார், கையில் வாட்ச் வேறு. அந்தத் தோப்பில் நான் சந்தோஷமாக இருந்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுவது அந்தச் சந்தோஷத்தை நினைத்துத்தான்.

"இப்ப வீட்டுக்குப் போ" என்றார்.

எழுந்து நடந்தேன். அம்மா சொன்னதெல்லாம் வாட்ச் ஏறியதும் மறந்துவிட்டது. வேலிச் சந்துவரை போனேன். அந்தப் பக்கம் அடுத்த தோப்பு. அங்கேயும் மரங்கள் தலை சாய்ந்து கிடந்தன. அதன் ஓரமாகத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். வெயில் உச்சந்தலையில் நின்றது. அப்போது அந்தத் தோப்புக்குள் காய்ந்த மட்டை ஒன்று, யாரும் தொடாமல், தானாக இழுபட்டு நகர்ந்தது. ஓணானோ கீரியோ இருந்திருக்கும். நான் திரும்பி ஓடி வந்து சித்தப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"பயமா இருக்கு. நீங்களும் வாங்க."

"பட்டப்பகல்ல என்ன பயம்?"

"பகல்லதான பயம்."

அவர் வேட்டியை விடுவித்து என்னைத் திருப்பி நிறுத்தினார். போ என்றார். நான் போகவில்லை. எழுந்து நின்று, தோப்பே அதிர்கிற மாதிரி, "போன்னு சொல்றேன்ல!" என்று கத்தினார். நான் அழுதேன், ஆனால் நகரவில்லை. சித்தப்பா அடித்தால் வலிக்கும். முனி அடித்தால் செத்துப்போவோம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அழுகையினூடே அவருக்கும் சேர்த்துப் புத்தி சொன்னேன்.

"நீங்களும் இங்க இருக்காதீங்க சித்தப்பா. அந்த மாமாவயும் இப்புடித்தான் தனியா இருக்கைல முனி அடிச்சிச்சாம். அவரு பொண்ணு எங்கூடத்தான் படிக்கிறா. டெய்லி சோத்துல பாதிய வச்சிர்றா. யாரு சொன்னாலும் திங்க மாட்டேங்குறா. எங்கப்பாவுக்குங்கிறா."

அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்தார், இல்லை, என் தலைக்கு மேலே, எனக்குப் பின்னால் எதையோ பார்த்தார். கண்ணை இமைக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. எனக்குப் பின்னால் முனி நிற்கிறது, சித்தப்பாவுக்கு அது தெரிகிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. திரும்பிப் பார்க்காமல் அவர் முழங்காலை இறுகக் கட்டிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. கையில் வாட்ச் இருந்தது, எனக்குத்தான் அதில் மணி பார்க்கத் தெரியாது.

கடைசியில் அவர் எழுந்தார்.

"வா, கொண்டுபோயி விடுறேன்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வேலிச் சந்தைத் தாண்டியதும் ஒற்றையடிப் பாதை முழுக்க ஆட்கள் நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராக, ஒரு சத்தம் இல்லாமல், வெயிலில், எங்களைப் பார்த்தபடி நின்றார்கள். பந்தியில் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான் எழுந்து வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்புறம் முன்னால் நின்றது அம்மா என்று தெரிந்தது. அவருக்குப் பின்னால் டீக்கடைக்காரர், கீழத்தெரு அத்தைகள், ஜன்னலில் கண் தெரிந்த வீட்டுக்காரர்.

என்ன நடந்தது என்பதை அம்மா பிறகு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். சித்தியின் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு நேராகத் தெருவில் இறங்கியிருக்கிறார். சாத்திய கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, "மொய்யும் வேணாம், மண்ணும் வேணாம். எங்க தம்பி ஆளில்லாத எலைக்குச் சோறு போட்டுட்டுத் தோப்புக்குப் போறாரு. வெளிய வாங்க" என்று கத்தியிருக்கிறார். தோப்பு என்ற சொல்லைக் கேட்டதும் கதவுகள் திறந்துகொண்டன. அந்த வருடம் எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு அர்த்தம் இருந்தது.

அவர்கள் யாரும் சித்தப்பாவை ஒதுக்கவில்லை. அவர்களுடைய மரங்களும்தானே விழுந்தன. திருப்பி எழுதவேண்டிய மொய் கையில் இல்லை. கையில் இல்லாமல் வந்து கறிச்சோறு தின்பதைப் போன்ற கேவலம் எங்கள் ஊரில் வேறு இல்லை. ஆகவே ஒவ்வொருவரும், ஊரில் மற்றவர்களெல்லாம் போவார்கள், நம் ஒரு வீடு குறைந்தால் தெரியவா போகிறது என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மரியாதை பார்த்தே ஒரு மனுஷனைத் தனியாக நிற்கவைத்தார்கள். மரியாதைக்குத் தப்பாத ஊர்தான், அதில் சந்தேகமே இல்லை.

டீக்கடைக்காரர்தான் முதலில் பேசினார். "எந்த மொகத்த வச்சுக்கிட்டு வர்றதுன்னுதான் வரலப்பா" என்றார்.

சித்தப்பா, "சோறு ஆறிப்போயிருக்கும்" என்றார்.

ஆறின சோற்றைத்தான் எல்லோரும் தின்றார்கள். மொய் மேசைக்கு முன்னால் சிலர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, அம்மா அவர்களை அதட்டி இலையில் உட்கார வைத்தார். சித்தப்பாவையும் நடுவில் உட்கார வைத்து, இருபுறமும் ஆட்கள் உட்கார்ந்துகொண்டார்கள். அவருக்குச் சோறு இறங்கவில்லை, பிசைந்துகொண்டே இருந்தார். நான் எதிர் வரிசையில் உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சித்தி என் கையைப் பார்த்தார்.

ஓடி வந்து என் கையைப் பற்றித் தூக்கினார். வாட்ச் முழங்கையிலிருந்து நழுவி இறங்கியது. திருடிவிட்டேன் என்று நினைக்கிறார் என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நான் எடுக்கல சித்தி. சித்தப்பாதான் குடுத்தாரு. திருப்பிக் குடுக்க வேணாம்னுட்டாரு. தம்பியப் பாத்துக்கச் சொன்னாரு."

பந்தி முழுக்கக் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்தார். பிறகு முதுகு குலுங்கியது. ஆண்கள் அப்படிச் சத்தம் போட்டு அழுவார்கள் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. பக்கத்தில் இருந்தவர்கள் எச்சில் கையோடு அவரைப் பிடித்துக்கொண்டார்கள். சித்தி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, என்னைத் திட்டவும் இல்லை, விடவும் இல்லை. ஒரு வாட்சுக்காக இவ்வளவு அழுகிறார்களே என்று நினைத்து, கழற்றிச் சித்தியின் மடியில் வைத்தேன். அவர் அதைத் திரும்ப என் கையிலேயே மாட்டிவிட்டார்.

மறுநாளே அம்மாவும் டீக்கடைக்காரரும் சித்தப்பாவைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். காய்ச்சல் என்று என்னிடம் சொன்னார்கள். காய்ச்சலுக்கு அத்தனை மாதம் மாத்திரை சாப்பிடுகிறவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தோப்பு மோட்டார் கொட்டகையிலிருந்த பூச்சிமருந்துப் புட்டிகளை எல்லாம் யாரோ எடுத்துப்போனார்கள். கொட்டகைச் சாவி அம்மாவின் தாலிக்கயிற்றுக்குப் போய்விட்டது. சித்தப்பா எங்கே கிளம்பினாலும், "பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க" என்று என்னையும் கூட அனுப்பினார்கள். விளையாட்டெல்லாம் கெட்டுப்போகிறது என்று நான் முனகிக்கொண்டே போவேன். கடன் ஒன்றும் ஒரே நாளில் ஓடிப்போகவில்லை. அப்பா சவுதியில் இன்னும் கொஞ்ச வருடம் கூடுதலாக இருந்தார். மரங்களை ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு கை பிடித்து அறுத்து ஒதுக்கினார்கள். தோப்பில் இப்போது மல்லிகையும் வாழையும் இருக்கின்றன. சித்தப்பா பழையபடி வாய் ஓயாமல் பேசுகிறார். சில ஆடி மாதங்களில் மட்டும் பேச்சு குறையும். அப்போது சித்தி எனக்குப் போன் போட்டு, சும்மாதான் என்று சொல்லி, ஊருக்கு வரச் சொல்வார். நானும் ஏன் என்று கேட்காமல் பஸ் ஏறிவிடுவேன்.

நான் இப்போது திருச்சியில் நர்சிங் படிக்கிறேன். ஒருநாள் வகுப்பில் மனம் உடைந்தவர்களிடம் தெரிகிற அறிகுறிகளை என்னை வாசிக்கச் சொன்னார்கள். திடீரென்று வருகிற அமைதி என்று வாசித்தேன். பிரியமான பொருளைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது என்ற வரிக்கு வந்ததும் என் கண் மணிக்கட்டுக்குப் போய்விட்டது. கையில் அந்த வாட்ச்தான் இருந்தது. வாரில் புதிதாகத் துளை போட்டு இப்போது சரியாகக் கட்டிக்கொள்கிறேன். திருப்பிக் கொடுக்கவா என்று சித்தப்பாவிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். எனக்கு மணி பார்க்க வேலை இல்லை, நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, என்னை மகராணி என்று கிண்டல் செய்தார்.

வாட்ச், சாவி, காய்ச்சல் எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்துவிட்டன. அந்தத் தோப்பிலிருந்து திரும்பி வந்த வழி மட்டும் இன்னும் அன்று பார்த்தபடியே எனக்குள் இருக்கிறது. வேலிச் சந்துக்கு வருவதற்குள் சித்தப்பா என் விரல்கள் நொறுங்கிவிடுகிற மாதிரி கையை இறுக்கிப் பிடித்திருந்தார். கை வலிக்கிறது சித்தப்பா என்றேன். அவர் பிடியைத் தளர்த்தவில்லை. பாவம், இவ்வளவு பெரிய ஆளுக்கும் முனியென்றால் பயம்தான் போலிருக்கிறது என்று நினைத்து, வலியைப் பொறுத்துக்கொண்டு, அவரை வீடுவரை கூட்டி வந்தேன்.